ஃபேன் சுத்துது, கார்டு தெரியல

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையைச் சுற்றிக்கொண்டு போனால் இளம்பிள்ளை வரும். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே தறிச் சத்தம் காதில் விழுந்துவிடும். சேலை நெய்வது, நூலுக்குச் சாயம் போடுவது, நெய்ததை மடிப்பது, மடித்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஏற்றுவது என்று ஊரில் பாதிப் பேர் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறார்கள். மீதிப் பேர் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறார்கள்.

இதில் சேலையைக் கையால் தொடாமலே சேலைத் தொழில் செய்பவர் ஒருவர் உண்டு. ஜக்கார்டுக்கு டிசைன் போடுபவர். ஊரே அவரை ‘டிசைனர்’ என்றுதான் கூப்பிடுகிறது. பார்டருக்கு மயில், முந்திக்கு மாங்காய், உடலுக்குப் புட்டா என்று எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பிப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பார். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சந்திக்கும் இடம். கட்டம் கறுப்பாக இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், வெள்ளையாக இருந்தால் சும்மா இருக்கும். மயிலின் அழகெல்லாம் இந்த இரண்டு உத்தரவுக்குள் அடக்கம்.

480 கொக்கி ஜக்கார்டில் 1,000 ஊடைக்கு ஒரு டிசைன் போட்டால் மொத்தம் 4,80,000 கட்டம். கம்ப்யூட்டர் கணக்கில் இது வெறும் 60,000 பைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் குட்மார்னிங் ரோஜாப்பூ பெரும்பாலும் இதைவிடக் கனம். பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார் 1804 வாக்கில் இந்த வித்தையைத் தறியில் ஏற்றியபோது கரண்டே கிடையாது, துளை போட்ட அட்டைதான். 1839-இல் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டை பிடித்தது. அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்தார் சார்லஸ் பாபேஜ். பார்த்தவர்கள் அதை அச்சடித்த படம் என்றே நினைத்தார்களாம். கம்ப்யூட்டருக்குத் தாத்தாவான பாபேஜுக்கே ஜக்கார்டு அட்டை போதுமாக இருந்தது. டிசைனருடைய அக்கா மகனுக்குத்தான் போதவில்லை.

“மாமா, வியாபாரிங்க இப்பெல்லாம் மடிச்சு வெச்ச சேலையோட போட்டோ கேக்கறதில்ல. மாடல் கட்டிட்டு நிக்கற மாதிரி கேக்கறாங்க. ஏஐ-ல போட்டா நெய்யறதுக்கு முன்னாடியே காட்டிடலாம். அதுக்கு கிராபிக்ஸ் கார்டு வேணும்.”

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிற பையன் சொல்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் டிசைன் அறையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் வருவதற்கும் இந்த யோசனைக்கும் சம்பந்தம் உண்டா என்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

புதுக் கார்டின் விலையைப் பார்த்துவிட்டு டிசைனர் பழைய கார்டு தேட ஆரம்பித்தார். பழைய கார்டுக்குப் பஞ்சமில்லாத காலம் இது. எதீரியம் என்கிற டிஜிட்டல் நாணயத்தை இரவும் பகலும் கார்டுகளை ஓடவிட்டுத்தான் ‘தோண்டி’ எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த நாணயம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. தோண்டும் வேலை ஒரே நாளில் போனது. உலகம் முழுக்கக் கொட்டகை கொட்டகையாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அன்றிலிருந்து பழைய கார்டு விற்கிறவர்கள் யாரைக் கேட்டாலும், ‘மைனிங்ல ஓடினதே இல்லீங்க, வீட்டு யூஸ் மட்டும்தான்’ என்பார்கள். இத்தனை கார்டும் வீட்டிலேயே இருந்தது என்றால் அந்த நாணயத்தையெல்லாம் யார் எதை வைத்துத் தோண்டினார்கள் என்று தெரியவில்லை.

டிசைனர் ஏமாளி அல்ல. 2017-இல் என்விடியா நிறுவனம் தோண்டுகிறவர்களுக்கென்றே பி106-100 என்று ஒரு கார்டை விட்டது, அதில் மானிட்டர் ஒயர் செருக ஓட்டையே கிடையாது என்பதையெல்லாம் படித்து வைத்திருந்தார். அதனால் போன் செயலியில் ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி’ என்று பாதி விலைக்கு ஒன்று வந்ததும், முதல் வேலையாகக் கார்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வந்த படத்தில் ஹெச்டிஎம்ஐ இருந்தது, டிவிஐ இருந்தது, கூடவே நீல நிறத்தில் பழைய விஜிஏ போர்ட்டும் இருந்தது. டிசைனருக்கு வாயெல்லாம் பல். அவருடைய பழைய மானிட்டருக்கு விஜிஏ ஒயர்தான். தனியாகக் கன்வெர்ட்டர் வாங்கும் செலவு மிச்சம். பணத்தை அனுப்பிவிட்டார்.

அந்த நீல போர்ட்டை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டிசைனர் வைத்துக்கொள்ளவில்லை.

பார்சல் வந்தது. கேபினெட்டைத் திறந்து, நீளமான ஸ்லாட்டில் கார்டைச் செருகி, ஆறு முனை பவர் ஒயரை மாட்டி, அக்கா மகன் சுவிட்சைப் போட்டான். கார்டில் இருந்த இரண்டு ஃபேனும் ஜம்மென்று சுற்றின. மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்றது. ஒயரைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டில் செருகியதும் விண்டோஸ் வந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் இன்டெல்லின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் மட்டும் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தது. புதிதாக வந்தவரைக் காணோம். நல்லவேளை, டிசைனருடைய பிராசஸரில் அந்த வசதியாவது இருந்தது. இன்டெல் பிராசஸரின் பெயருக்குக் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதுவும் இருக்காது. கார்டு படுத்தால் கடையே படுத்துவிடும்.

ஃபேன் சுற்றுவதுதான் எல்லோரையும் குழப்பியது. “ஓடுதே!” என்றார்கள் வருகிறவர்கள் எல்லோரும். ஃபேன் சுற்றுவதற்கு 12 வோல்ட் வந்தால் போதும். மதர்போர்டு ஒரு கார்டை அடையாளம் காண வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது ஸ்லாட் ஸ்லாட்டாக ‘யார் இருக்கீங்க?’ என்று கேட்கும் கேள்விக்குக் கார்டு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை நடப்பது வேறு கம்பிகளில். கரண்டு வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கக் கார்டால் முடியும்.

செய்தி தெருவில் பரவியது. நூல் கொண்டுவந்தவர், சேலை எடுக்க வந்தவர், வெறுமனே வந்தவர் என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. பார்த்தவர் எந்தத் தொழில் செய்கிறாரோ, கோளாறு சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது.

எலக்ட்ரீஷியன் உள்ளே வராமல் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: “லோ வோல்டேஜுங்க. பக்கத்துப் பட்டறையில தறியெல்லாம் ஒண்ணா எடுத்தா எப்படிங்க நிக்கும்? ஸ்டெபிலைசர் போடுங்க.” அவர் சொன்னதில் பாதி சரி. தெருவில் வோல்டேஜ் ஆடுவது உண்மைதான், ஆனால் அதைச் சமாளிக்கத்தான் கம்ப்யூட்டருக்குள் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை இருக்கிறது. பார்க்க வேண்டியது அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் யோக்கியதையை. ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறு முனை ஒயர் இன்னொரு 75, எட்டு முனை ஒயர் 150. டிசைனரின் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் உயிர் வாழ்வது இந்த 12 வோல்ட்டில்தான். பெரிய எழுத்தை நம்பி வாங்கினவர்கள் பொடி எழுத்தில் வாழ வேண்டியிருக்கிறது. இருந்தாலும் இந்தக் கார்டுக்கு 216 தாராளம். ஸ்டெபிலைசர் தள்ளுபடி.

அடுத்து வந்தவர் மொபைல் சர்வீஸ் கடைப் பையன். கையோடு ஹாட் ஏர் கன் கொண்டுவந்திருந்தான். “சிப்புக்கு அடியில ஈயம் விட்டிருக்கும்ணா. ஒரு சூடு காட்டினா ஒட்டிக்கும்.” இந்த யோசனைக்கு உலக அளவில் பரம்பரை உண்டு. 2008 ஜூலையில் என்விடியாவே தன் லேப்டாப் சிப்புகள் சில எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கெட்டுப்போவதாக ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செத்த கார்டை கேக் வேகவைக்கும் ஓவனில் வைத்து எடுத்தவர்கள் ஏராளம். சில கார்டுகள் கொஞ்ச நாளைக்கு எழுந்து உட்காரவும் செய்தன. பிறகு மறுபடி படுத்தன. டிசைனர் கார்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

டிசைனருடைய அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பூத்தொடுத்தார். “வர்ற அமாவாசைக்கு சித்தர்கோவில் ஒரு நடை போயிட்டு வந்துடு கண்ணு. ஒரு எலுமிச்சம்பழத்தையும் சுத்திப் போட்டுடலாம்.” வந்த யோசனைகளிலேயே கார்டுக்குச் சேதம் வராத யோசனை இதுதான்.

அக்கா மகன் சாஃப்ட்வேர்க்காரன், அவனுக்குக் கோளாறு சாஃப்ட்வேரில். டிரைவரை அழித்தான், ஏற்றினான். விண்டோஸையே அழித்து மறுபடி போட்டான். அந்த ஒரு ராத்திரி முழுக்க டிசைன் அறையில் துப்பாக்கிச் சத்தம் இல்லை. இங்கேதான் வரிசை முக்கியம். கார்டு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு தெரிந்தால் டிரைவரைச் சந்தேகப்படலாம். பெயரே தெரியாதபோது டிரைவர் பாவம் என்ன செய்யும்? மதர்போர்டுக்கே தெரியாத ஆளை விண்டோஸுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் வந்து சேர்ந்தவர் தறி பிட்டர். கார்டு பார்க்க வரவில்லை; மயிலுக்குக் கால் ஒரு பக்கம் காணாமல் போகிறது, டிசைனில் தப்பா ஜக்கார்டில் தப்பா என்று கேட்க வந்தவர். ஆள் கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை. ஆனால் ஜக்கார்டில் ஒரு பூ தப்பினால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருப்பவர்: டிசைன், அட்டை, ஊசி, கொக்கி, கயிறு. ஒன்றைச் சரி என்று உறுதி செய்யாமல் அடுத்ததைத் தொட மாட்டார்.

“ஏந்தம்பி, இது ஒழுங்கா உக்காந்திருக்குதா?” என்றுதான் கேட்டார்.

“ஃபேன் சுத்துதுங்களேண்ணா...”

“நான் சுத்துதான்னு கேக்கல. உக்காந்திருக்குதான்னு கேட்டேன்.”

கரண்டை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கைவிட்டார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாலியஸ்டர் நூலோடு வேலை செய்கிறவர்களுக்கு வறண்ட நாளில் உடம்பில் ஏறும் கரண்டு சுண்டி இழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கியை அமுக்கிக் கார்டை எடுத்தார். டார்ச் அடித்தார். ஸ்லாட்டுக்குள் சாம்பல் நிறத்தில் நூல் தூசு மெத்தை போட்டிருந்தது. இளம்பிள்ளையில் காற்றிலேயே நூல் ஓடுகிறது. காலியாக இருக்கும் ஸ்லாட்டை மட்டும் விட்டுவைக்குமா?

அந்த ஸ்லாட்டுக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். 2003-இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமான ஒருவர் அஜய் பட். பரோடாவில் படித்து இன்டெல்லுக்குப் போனவர். யூஎஸ்பியிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2009-இல் இன்டெல் அவரை ‘எங்கள் ராக் ஸ்டார்’ என்று காட்டி ஒரு டிவி விளம்பரம் எடுத்தது. அலுவலகத்தில் அவர் நடந்து வர, எல்லோரும் மயங்கி விழாத குறை. அதில் அஜய் பட்டாக வந்தவர் ஒரு நடிகர். பொருள் வந்து சேர்ந்தும் அடையாளம் தெரியாமல் போவது கார்டுக்கு மட்டும் நேர்வதில்லை.

பிட்டர் பிளோயர் வைத்துத் தூசை ஊதினார். கார்டின் அடியில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய முனைகளைப் பார்த்தார், மங்கலாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பர் வந்தது. அழுத்தித் தேய்த்தால் தங்கம் போய்விடும் என்று யாரும் சொல்லாமலே, பிட்டர் பூ மாதிரி நாலு இழுப்பு இழுத்துத் துகளைத் தட்டினார். மறுபடி செருகிப் பார்த்தபோதுதான் உண்மையான வில்லன் தெரிந்தது. கார்டின் ஒரு ஓரத்தில் கேபினெட்டோடு திருகு போடும் தகடு இருக்கிறதல்லவா, அதன் நாக்கு கேபினெட்டின் அடித்தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. மலிவான கேபினெட், தகடு லேசாக வளைந்திருந்தது. அதனால் திருகுப் பக்கம் அமுக்கினால் மறுபக்கம் ஒரு நூலளவு மேலே வந்துவிடும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

“அலைன்மென்ட் அவுட்டு” என்று சொல்லிவிட்டு பிட்டர் குறடு கேட்டார். நாக்கை ஒரு வளை வளைத்தார். இந்தத் தடவை ‘டக்’ என்று ஸ்லாட்டின் கொக்கி விழுந்த சத்தம் எல்லோர் காதிலும் கேட்டது.

இது இளம்பிள்ளை சமாச்சாரம் என்று யாரும் மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் 1,599 டாலர் விலையில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது, அதன் பவர் இணைப்பு அங்கங்கே உருகியது. உலகமே சிப்பைச் சந்தேகப்பட்டது, ஒயரைச் சந்தேகப்பட்டது. நவம்பரில் என்விடியா சொன்ன விளக்கம்: தங்கள் கவனத்துக்கு வந்தது சுமார் 50 கேஸ், அவற்றில் பொதுவாகக் காணப்பட்டது இணைப்பு முழுசாக உள்ளே போகாததுதான். இவ்வளவு பெரிய கம்பெனியும் கடைசியில் கேட்டது பிட்டர் கேட்ட கேள்விதான்.

கார்டின் மறுமுனை கனத்தில் லேசாகத் தொங்கியது. பிட்டர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தார்க்குச்சியை எடுத்து, அளவு பார்த்து அறுத்து, முட்டுக் கொடுத்தார். இதற்கென்றே கடைகளில் அழகான தாங்கிகள் விற்கிறார்கள். ஊடை நூல் சுற்றும் குச்சி அதே வேலையைக் காசில்லாமல் செய்கிறது.

சுவிட்சைப் போட்டார்கள். டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஒரு வரி வந்தது. அறையில் கைதட்டல். ஆனால் கார்டில் மானிட்டர் ஒயரைச் செருகினால் இன்னும் இருட்டு.

இப்போது அக்கா மகனின் நேரம். அவன் பயாஸுக்குள் போனான். பழைய கார்டுகள் பழைய முறையில்தான் ஆரம்பத்துப் படத்தைக் காட்டும். புது மதர்போர்டுகள் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் பேசும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க சிஎஸ்எம் என்று ஒரு வசதி இருக்கிறது. புது போர்டுகளில் பெரும்பாலும் அதை அணைத்தே தருகிறார்கள். செக்யூர் பூட்டை நிறுத்தி சிஎஸ்எம்மைப் போட்டான். கார்டு வழியாகவே படம் வந்தது. அம்மா பூவை வைத்துவிட்டு வந்து பார்த்தார். எலக்ட்ரீஷியன்கூட, “வோல்டேஜ் இப்ப பரவால்லை போல” என்றார்.

பையனுக்கு மட்டும் மூளையில் ஒரு கொக்கி தூக்கியது. “மாமா, 1050 டிஐ வந்தது 2016 அக்டோபர்ல. அது யூஇஎஃப்ஐ தெரிஞ்ச கார்டு. இதுக்கு எதுக்கு சிஎஸ்எம்?”

கேட்டுக்கொண்டே என்விடியாவின் டிரைவரை ஏற்றினான். பாதியில் திரை உறைந்து நின்றது. மறுபடி ஏற்றினாலும் அதே இடம். பையன் கார்டின் பின்பக்கம் போய்க் குனிந்து அந்த நீல விஜிஏ போர்ட்டைப் பார்த்தான். 1050 டிஐ வரிசைக் கார்டுகளிலிருந்து என்விடியா விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சமிக்ஞையையே சிப்பிலிருந்து எடுத்துவிட்டது. உண்மையான 1050 டிஐயில் அந்த நீல ஓட்டைக்கு வேலையே இல்லை.

ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன இலவசப் புரோகிராம் உண்டு. பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, புதுப் பெயர் சூட்டி விற்கும் கூத்து அதிகமானதால் 2018-இல் அதில் போலியைக் கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். பையன் அதைத் திறந்தான். கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஃபேக்’ என்று எழுதியிருந்தது. சிப் ஜிஎஃப் 106. அதாவது 2010 செப்டம்பரில் வந்த ஜிடிஎஸ் 450. உண்மையான 1050 டிஐயில் 768 கோர், இதில் 192. நாலு ஜிபி என்று சொன்ன நினைவகம் ஒரு ஜிபிதான். அந்தக் குடும்பத்துக் கார்டுகளுக்குப் புது டிரைவர் கொடுப்பதை என்விடியா 2018 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இதில் ஏஐ மாடலுக்குச் சேலை கட்டிவிடுவது நடக்கிற காரியமில்லை. டிசைனரின் 60,000 பைட் மயிலைக் காட்டலாம். அதைத்தான் இன்டெல்லின் ஓசி கிராபிக்ஸ் இத்தனை வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பிட்டர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். “அப்ப போர்டு மேல தப்பில்ல?”

“இல்லீங்கண்ணா.”

“சரி, என்ர மயிலுக்குக் கால் எங்க?” என்று தன் பஞ்சாயத்தை ஆரம்பித்தார். டிசைனர் ஃபைலைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினார். டிசைனில் கால் இரண்டும் சரியாக இருந்தது. பிட்டர் “அப்ப ஊசிதான்” என்று எழுந்து போய்விட்டார்.

அன்று மாலை டிசைனர் விற்றவருக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினார். சிப் நம்பர், கோர் கணக்கு, வருஷம், நீல போர்ட் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, ஜிபியு-இசட் படத்தையும் இணைத்தார். இரண்டு நீல டிக் விழுந்தது. வெகுநேரம் ‘டைப்பிங்’ என்று காட்டியது. பதில் வந்தது.

“இப்ப டிடெக்ட் ஆகுதுங்களா சார்?”

“ஆகுது. ஆனா அது—”

“அப்ப அஞ்சு ஸ்டார் போட்டு விட்டுருங்க சார்.”